மலைக்கு மொட்டை போட்ட ஊர்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. சேலையூரிலிருந்து கிழக்கே போகிற ரோட்டில் இன்றைக்கும் நிற்கும் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் என் லாரியில் வந்த செங்கல்லும் மணலும்தான். படித்தவர்கள் பிளான் போட்டார்கள். வீட்டை எழுப்பியவன் நான். மாட்டு வண்டியில் ஆரம்பித்து, கேம்ப் ரோட்டில் கடை வைத்து, சொந்தமாக லாரி வாங்கி, எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊரிலேயே முதல் மாடி வீட்டைக் கட்டினேன். மாடி எதற்கு என்று என் சம்சாரம் கேட்டாள். மலையைப் பார்க்க என்றேன். சிரித்தாள். ஆனால் தினம் காலையில் காப்பியை மாடிக்குத்தான் கொண்டு வந்தாள்.

பெரிய மலை என்று சொல்ல முடியாது. ஊட்டிக்காரன் பார்த்தால் மேடு என்பான். பேங்க்காரர்களும் ஆபீஸ்காரர்களும் வீடு கட்டிய காலனி முடிகிற இடத்தில் தொடங்கி, பின்பக்கம் பெரும்பாக்கம் பார்த்த திசையில் இறங்கும். உடம்பெல்லாம் காரை, களா, சூரை, ஈச்சை என்று முள் புதர். வைகாசியில் களாக்காய் பறிக்க ஊர்ப் பெண்கள் போவார்கள். மழை பெய்தால் தண்ணீர் நான்கு ஓடையாகப் பிரிந்து ஏரிக்கு வரும். ஏரி நிறைந்தால் எங்கள் கிணறுகள் நிறையும். இவ்வளவுதான் அந்த மலை. ஆனால் அது இல்லாமல் ஊர் இல்லை.

பல்லாவரம் பக்கத்து மலைகளை அந்த நாளில் கல்குவாரிகள் தின்றுகொண்டிருந்தன. அந்த ஜல்லியைத்தான் நானும் வாங்கி விற்றேன். ஒரு நாள் ஒரு குவாரிக்காரர் கடைக்கு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, சோடா குடித்துக்கொண்டே சொன்னார்: "இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் லாரி அனுப்பிகினு கீறீங்க? கொஞ்ச நாள் பொறுங்க. உங்க ஊரு மலையே குத்தகைக்கு வருது. வூட்டு வாசல்லயே ஜல்லி."

வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன். நல்ல செய்தி சொன்னவர் போல அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே காலனியில் இருந்த டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டுக்கு சிமெண்ட் கொடுத்தவன் நான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவார். ஊரில் அவருக்கு 'குருவி டீச்சர்' என்று பெயர். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"அது புறம்போக்கு அண்ணா. அரசாங்கம் யாருக்கு வேணும்னாலும் குத்தகை விடலாம். வனச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்து காப்புக்காடுன்னு அறிவிச்சுட்டாத்தான் தப்பும். அப்புறம் ஒரு கல்லைக்கூட யாரும் தொட முடியாது."

"அப்போ அறிவிக்கச் சொல்லு டீச்சர்."

"நான் சொன்னா யாரு கேப்பாங்க? காலனி மட்டும் கேட்டா, 'பணக்காரங்களுக்கு வெடிச் சத்தம் தொந்தரவா இருக்கு'ன்னு ஒதுக்கிடுவாங்க. ஊரும் சேர்ந்து கேக்கணும். எம்.எல்.ஏ. சட்டசபையில எழுந்து பேசணும். ஊர்ல எங்கிட்ட வாசல்லயே பேசி அனுப்பிடறாங்க அண்ணா."

"ஊரை எங்கிட்ட வுடு" என்றேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் நான் சொன்னால் நடக்கும்.

நடந்தது. ஆனால் சும்மா நடக்கவில்லை. டீக்கடையில் முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர்த் தலைவர் எனக்கு மச்சான் முறை. அவருக்கு நாக்கில்தான் விஷம், மனசில் கிடையாது.

"இன்னா மாமா, ஜல்லி வித்து மாடி கட்டினவரு மலையைக் காப்பாத்தக் கெளம்பிட்டாராமே? பூனை பால் பானைக்குக் காவலா?"

"மச்சான், மலை ஒடஞ்சா அந்த ஊரு இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். லாரி எடுத்துகினு பல்லாவரம் பக்கம் தினம் போறவன் நானு. அங்க கெணத்துல பக்கெட்டை வுட்டா டங்குன்னு சத்தம் கேக்குது. தண்ணி இல்லை, பாறைதான் கீது."

டீக்கடையில் சிரிப்பு நின்றது. படித்தவர்கள் அவர்களிடம் பறவை, பட்டாம்பூச்சி என்று பேசினார்கள். நான் கிணற்றைப் பேசினேன். சலூனில் பேசினேன், ரேஷன் கடை வரிசையில் பேசினேன், ஒரு சாவு வீட்டில் பாடை கட்டும் நேரத்தில்கூடப் பேசித் திட்டு வாங்கினேன். அதே வாயால் காலனிக்குப் போய், சங்கக் கூட்டத்தில் பேங்க்காரர்களுக்கு நடுவில் நின்று, குவாரி வெடிக்கு உங்கள் சுவரில் விரிசல் விழுந்தால் நான் வந்து பூசிக் கொடுக்க மாட்டேன் என்றேன். கை தட்டினார்கள்.

ஒருத்தி மட்டும் லேசில் மசியவில்லை. ஆடு மேய்க்கிற அக்கா. புருஷன் இல்லாதவள். அவள் சோறும் அவள் பெண்ணின் படிப்பும் அந்த ஆடுகள்தான். ஆடுகளுக்கு அந்த மலைதான். கையில் துரட்டியைப் பிடித்துக்கொண்டு, கழியின் நுனியில் இருந்த கொக்கி அரிவாள் வெயிலில் மின்ன, என் கடை முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, சட்டம் வந்தா ஆடு ஏறக் கூடாதாமே. நெசமா?"

டீச்சர் என்னிடம் உள்ளதைச் சொல்லியிருந்தார். விசாரணை வைப்பார்கள், பழைய உரிமை உள்ளவர்கள் கேட்கலாம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று. நான் அதையெல்லாம் அக்காவிடம் இழுக்கவில்லை.

"உன் ஆட்டை எவன் தடுப்பான்? நான் கீறேன் இல்ல?"

"நீ சொல்றியேன்னுதான் கைநாட்டு வெக்கறேன்" என்றாள். வைத்தாள். அவள் வைத்ததும் தயங்கிக்கொண்டிருந்த மற்றவர்களும் வைத்தார்கள். எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் ஊரும் காலனியும் ஒன்றாகப் போய் நின்றோம். வேட்டிக்காரனும் பேண்ட்காரனும் ஒரே வேனில் வந்ததை அவரே ஆச்சரியமாகப் பார்த்தார். சட்டசபையில் எழுந்து பேசினார். கொஞ்ச நாளில் தகவல் வந்தது: வனத்துறையிலிருந்து பெரிய அதிகாரி நேரில் வந்து மலையைப் பார்க்கப் போகிறார். அவர் எழுதுவதை வைத்துத்தான் முடிவு. ஊரில் பட்டாசு வெடித்தோம்.

அந்த நேரம் பார்த்து திண்டிவனத்தில் என் தங்கச்சி வீட்டுக் கல்யாணம். தாய்மாமன் ஸ்தானம், போகாமல் முடியாது. கிளம்பும் முன் ஊர்த் தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மச்சான், அதிகாரி வர்றாரு. ஊர் மரியாதையைக் காப்பாத்து. நான் வர்ற வரைக்கும் நீதான் பாத்துக்கணும்."

"நீ போய் சாப்ட்டு வா மாமா. இந்த மாதிரி வரவேற்பை அந்தாளு சென்மத்துல பாத்திருக்க மாட்டாரு."

அதிகாரி வரும் நாள் காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கினோம். கல்யாணப் பலகாரப் பையோடு பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சேலையூர் தாண்டி, கட்டடங்களுக்கு நடுவில் எங்கள் மலை முதலில் தெரிகிற ஒரு வளைவு உண்டு. எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அந்த இடத்தில் கழுத்து தானாகத் திரும்பும். திரும்பியது.

மலை இல்லை.

அதாவது, இருந்தது. ஆனால் அது எங்கள் மலை இல்லை. பச்சை இல்லை. மொட்டைப் பாறை, அதன் மேல் வரிவரியாக வெள்ளையும் காவியும். தப்பான பஸ் ஏறிவிட்டோமோ என்று நினைத்தேன். சம்சாரம் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "ஏங்க, குவாரிக்காரன் வந்துட்டானா?"

பஸ் நின்றதும் பலகாரப் பையை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். அந்த வயதில் நான் ஓடி யாரும் பார்த்ததில்லை.

அடிவாரத்தில் இரண்டு வாழை மரம் குலையோடு கட்டியிருந்தது. மாவிலைத் தோரணம். அங்கிருந்து மேலே, காரையும் களாவும் இருந்த இடமெல்லாம் அரையடி உயரத்துக்குக் கட்டையாக வெட்டுப்பட்டு நின்றது. வெட்டிய புதர்களைக் குவித்து எரித்த சாம்பல் இன்னும் புகைந்தது. ஒவ்வொரு பாறைக்கும் சுண்ணாம்பு அடித்து, நடுவில் காவிப் பட்டை போட்டிருந்தார்கள். ஓடைகளின் கரையில் பிளீச்சிங் பவுடரால் கோடு. நடுப் பாறையில் ஆளுயர எழுத்தில் 'வருக வருக'.

எங்கள் பக்கத்தில் மந்திரி வந்தாலும் கலெக்டர் வந்தாலும் இப்படித்தான் செய்வோம். ரோட்டோரத்து முள்ளை வெட்டுவோம், கல்லுக்கு வெள்ளை அடிப்போம், கோடு போடுவோம். பெரிய மனுஷன் கண்ணில் புதர் படக் கூடாது. அதுதான் மரியாதை. ஏரிக் கால்வாய் தூர் வாரும்போது வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டு, தண்டோரா அடித்து, மலைக்கு ஆள் கூட்டியிருக்கிறார் என் மச்சான். காலனிக்காரர்களும் முதல் முறையாக வீட்டுக்கு ஓர் ஆள் வந்திருக்கிறார்கள். பேங்க் மேனேஜர் ஒருவர் உள்ளங்கைக் கொப்புளத்தை என்னிடம் பெருமையாகக் காட்டினார். நான் மாதக்கணக்கில் பேசிப் பேசிச் சேர்த்த ஒற்றுமை, ஒரு கையாக நின்று, மலையை வழித்துவிட்டிருந்தது.

டீச்சர் ஒரு பாறையின் கீழே மண்ணில் உட்கார்ந்திருந்தார். பரீட்சை வேலையில் பள்ளிக்கூடத்திலேயே கிடந்தவர். வழியைக் கொஞ்சம் சுத்தம் செய்கிறோம் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"காடு இருக்குன்னு காட்டத்தானே அண்ணா அவரைக் கூப்பிட்டோம்..." என்றார்.

மச்சான் புது வேட்டியில், கையில் மாலையோடு வந்தார். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. "எப்டி கீது மாமா? பளிச்சுன்னு இல்ல?"

அவரை அறைய வேண்டும் போல இருந்தது. கை எழவில்லை. என் வாய் சாமர்த்தியத்தை ஊரே சொல்லும், அன்றைக்கு வாயும் எழவில்லை. அதற்குள் ஜீப் வந்துவிட்டது. மேளம் அடித்தார்கள்.

அதிகாரி ஒல்லியான மனிதர். மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு மலையை மேலும் கீழும் பார்த்தார். மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"காடு எங்க?"

"இதாங்க சார்" என்றார் மச்சான். "புதரா மண்டிக் கெடந்தது. பாம்பு வேற. உங்களுக்காகத்தான் சார் ரெண்டு நாளா ஊரே சேர்ந்து சுத்தம் பண்ணோம்."

அதிகாரி குனிந்து ஒரு வெட்டுக் கட்டையைத் தொட்டார். பால் வடிந்து விரலில் ஒட்டியது. "களா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் மச்சானின் சிரிப்பு மெதுவாக இறங்கியதை நான் பார்த்தேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மனுஷன் அப்படியே வெட்டிய கட்டைகள் மேல் உட்கார்ந்துவிட்டார், புது வேட்டியோடு.

நான் முன்னால் போனேன். "சார், வேர் அப்படியே கீது. ஒரு மழை பேஞ்சா பழையபடி மூடிக்கும். நீங்க எழுதுங்க சார்."

"எனக்குத் தெரியும் பெரியவரே. முளைக்கும். ஆனா நான் இன்னைக்கு என்ன பார்த்தேனோ அதைத்தான் எழுத முடியும். இந்த மலையைக் குத்தகைக்குக் கேக்கறவங்க சும்மா இருப்பாங்களா? 'ஊர்க்காரனே வெட்டிட்டான், சுண்ணாம்பு அடிச்சிட்டான், இதுல ஏது காடு'ன்னு நாளைக்கே போட்டோ எடுத்துக் கொடுப்பாங்க." பிறகு மலையின் தலையைப் பார்த்துக் கேட்டார்: "பின்பக்கமும் இப்படித்தானா?"

அதற்கு பதில் சொன்னது ஆட்டுக்கார அக்கா. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அங்க எவனும் வெட்ட மாட்டான் சார். அது கன்னிமாரு எடம். இரும்பு போவக் கூடாது."

உண்மைதான். மலை முதுகைத் தாண்டி இறங்கும் இடத்தில் ஒரு பிளந்த பாறை உண்டு. அதற்கு அந்தப் பக்கம் ஏழு கன்னிமார் கல் நட்டிருக்கிறது. பாறையைத் தாண்டி யாரும் இரும்பு கொண்டு போவதில்லை. அக்காகூடத் துரட்டியை இந்தப் பக்கம் சாய்த்துவிட்டுத்தான் ஆடுகளோடு போவாள். வீட்டுக்கு ஓர் ஆளாக வந்த அத்தனை பேரும், காலனிக்காரர்கள் உட்பட, கத்தியோடு அந்தப் பாறை வரை வெட்டிக்கொண்டு போய் அங்கே நின்றிருக்கிறார்கள்.

அதிகாரி ஏறினார். பின்னால் நாங்கள். பிளந்த பாறையில் அக்கா அவரை மறித்தாள்.

"சார், இடுப்புல பெல்ட்டு. கொக்கி இரும்பு."

ஜீப் டிரைவர் பதறினார். அதிகாரி சிரிக்காமல் பெல்ட்டைக் கழற்றினார், சாவிக்கொத்தை எடுத்தார், வாட்சைக் கழற்றினார், எல்லாவற்றையும் பாறை மேல் வைத்தார். பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். இன்னொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. வெப்பாலையும் நுணாவும் தலைக்கு மேல் பின்னிக்கொண்டிருந்தன. மேலே ஓர் ஆந்தை சத்தமில்லாமல் கிளை மாறியது. டீச்சர் கையை நீட்டிக் காட்டினார். அதிகாரி வெகுநேரம் அங்கே நின்றார். பாறையின் இந்தப் பக்கம் எரிந்த சாம்பல் வாடை, அந்தப் பக்கம் பூ வாடை. இரண்டுக்கும் நடுவில் ஒரு எட்டு வைக்கும் தூரம்தான்.

அரசாணை வந்தபோது அப்படியே வந்தது. இரும்பு எங்கே நின்றதோ அங்கிருந்து சட்டம் ஆரம்பித்தது. பிளந்த பாறைக்கு அந்தப் பக்கம் முழுதும் காப்புக்காடு. இந்தப் பக்கம், எங்கள் ஊரைப் பார்த்த பக்கம், என் மாடியைப் பார்த்த பக்கம், 'தாவரமற்ற பாறை நிலம்'.

அதற்குள் ஐப்பசி மழை பெய்து, வெட்டிய இடமெல்லாம் முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்துவிட்டது. சுண்ணாம்பு கரைந்தது, 'வருக வருக' மட்டும் மங்கலாக மிச்சம். பச்சைக் கிளைகளைக் கட்டாகக் கட்டி வனத்துறை ஆபீஸுக்கே எடுத்துப் போனோம், இதோ பாருங்கள் காடு என்று. "நல்லா வளந்திருக்கு. ஆனா ஃபைல் முடிஞ்சிடுச்சே" என்றார்கள். தழைத்த அந்தப் பச்சையோடுதான் முன்பக்கம் குத்தகைக்குப் போனது. முதல் வெடி வைத்த அன்று நான் மாடியில் காப்பி டம்ளரோடு நின்றிருந்தேன். சிவப்புக் கொடியைப் பார்த்தேன், விசில் கேட்டேன், எல்லாம் தெரிந்தும் அந்தச் சத்தத்துக்கு டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். என் மச்சான் அதன் பிறகு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நடந்ததே இல்லை. டீக்கடையில்கூட மலைக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்.

காப்புக்காட்டுக்கு வேலி போட்ட வாரம் ஆட்டுக்கார அக்கா கடைக்கு வந்தாள். காவலர் அவளைப் பின்பக்கம் விடவில்லை. உரிமை கேட்டு டீச்சர் எழுதிக் கொடுத்ததும் எடுபடவில்லை. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மின்னால வெடி. பின்னால சட்டம். ஆட்டை எங்கண்ணே ஓட்டிகினு போவேன்?"

கேம்ப் ரோட்டில் எனக்கு ஒரு மனை இருந்தது. காம்ப்ளெக்ஸ் கட்ட அஸ்திவாரம் வரைக்கும் பேசி வைத்திருந்தேன். கதவைத் திறந்து, ஓட்டு என்றேன். கட்டடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சம்சாரத்திடம் சொன்னேன். அந்தப் பிறகு வரவே இல்லை. எங்கள் ரோட்டில் நல்ல இடத்து மனையை ஆட்டுக்கு விட்ட பைத்தியக்காரன் என்று என்னைச் சொன்னார்கள். சொல்லட்டும், இன்னொருத்தனால் அது முடியுமா?

ஏரிக்கரையிலும் மலையோரத்து மிச்சத்திலும் மேய்ந்துவிட்டு, மத்தியானம் அந்த ஆடுகள் என் மனையில் வந்து படுக்கும். தன் பெண் வேலைக்குப் போனதும் அக்கா ஆடுகளை விற்றுவிட்டாள். ஆடு போன முதல் மழையில் மனையில் என்னென்னவோ முளைத்தன. புழுக்கையில் வந்த விதைகள் என்றார் டீச்சர். காரை, சூரை, ஓர் ஈச்சை. மூலையில் ஒரு களா. பைனாகுலரே இல்லாமல் பார்க்கிற தூரத்தில் ஒரு குருவி கூடு கட்டியது. டீச்சர் ரோட்டில் நின்று அழுதார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை. மனை வாசலில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் வெட்டுக்கத்தியும் தலையில் துண்டுமாக ஒரு ஆள், பின்னால் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு ஒரு தள்ளுவண்டி.

"பெரியவரே, நாளைக்கு மந்திரி இந்த ரோட்ல வர்றாரு. இந்தப் பொதரை வெட்டணும், தள்ளிக்கோ."

நாற்காலியை நகர்த்தவில்லை.

"உள்ள போ. வாணாம்னு சொல்லல. கத்தியை வெளியே வெச்சுட்டுப் போ."

"கத்தி இல்லாம இன்னாத்தை வெட்றது? இன்னா பெரியவரே, கோயிலா இது?"

அவன் என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் இருந்த களாவைப் பார்த்தான், தள்ளுவண்டிக்காரனைப் பார்த்தான். கிழவனோடு காலையிலேயே பேஜார் எதற்கு என்று நினைத்தானோ என்னவோ, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டான். என் நாற்காலிக்கு முன்னால், ரோட்டோரமாக, நேராக ஒரு வெள்ளைக் கோடு மட்டும் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனான்.